ஓசையில்லாத வண்டி

நிதானம் என்று கேட்டால்தான் மருத்துவமனை வாசலிலுள்ள மூன்று சக்கர வண்டி நிறுத்தத்தில் அவரைக் காட்டுவார்கள். பெற்றோர் இட்ட பெயர் ஓட்டுநர் உரிமத்தில் இருந்தது. உரிமம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை இருக்கையின் அடியில் இருந்தது. காலையில் வண்டியை எடுக்குமுன் மூன்று சக்கரங்களையும் குதிகாலால் ஒருமுறை உதைத்துப் பார்ப்பார். வண்டியின் கண்ணாடியைத் துடைத்த துணியாலேயே தம் மூக்குக்கண்ணாடியையும் துடைப்பார். ஆகவே இரண்டும் ஒரே அளவில் மங்கியிருக்கும். ஏறுகிறவர் எவ்வளவு பதறினாலும் "நிதானம், நிதானம்" என்பதுதான் அவருடைய முதற்பேச்சு. பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடமும் அதையே சொல்லி, உடன்வந்த தாயாரிடம் மருத்துவமனை வாசல் வரும்வரை வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று முதல் அந்தச் சொல்லே அவருக்குப் பெயராயிற்று.

வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டியும் ஒரு கோழியின் இறகைக்கூட உரசியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

மின்வண்டிகளைப் பரப்பும் அரசுத் திட்டத்திலிருந்து அதிகாரிப் பெண் ஒருவர் நிறுத்தத்திற்கு வந்தார். முப்பது வயதிருக்கும், தோளில் கனத்த பை, பை நிறையப் படிவங்கள். நிறுத்தத்தில் இருந்தவை நாற்பத்திரண்டு வண்டிகள். பழைய வண்டியை ஒப்படைத்துவிட்டு மின்வண்டி எடுத்துக்கொள்ள இருபது பேரேனும் கையெழுத்திட்டால், நிறுத்தத்திலேயே மின்னேற்றும் இடம் அமைத்துத் தரப்படும் என்பது ஏற்பாடு. படிவத்தை வாங்கியவர்கள் எல்லாரும் அதை மடித்து விசிறிக்கொண்டார்களேயன்றி, ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை. முதலில் ஒருவர் ஓட்டிக் காட்டினால் மற்றவர்கள் பின்னே வருவார்கள் என்று எண்ணிய அந்தப் பெண், விபத்தே செய்யாதவர் யார் என்று விசாரித்து நிதானத்தைப் பிடித்தார்.

ஒரு மாதத்தில் புதுவண்டி வந்தது. நிறுத்தத்தின் மதிற்சுவரில், நிதானம் வண்டியருகே நின்று சிரிக்கும் பெரிய படமும் வந்தது. "நான் மாறிவிட்டேன். நீங்கள்?" என்று அதில் எழுதியிருந்தது.

"அண்ணே, எங்கண்ணே மாறுனீங்க? அதே மூஞ்சிதானே இருக்கு?" என்றான், சோடாப்புட்டிக் கண்ணாடி அணிந்ததால் சோடா என்று அழைக்கப்பட்ட சக வண்டிக்காரன்.

"மூஞ்சிய மாத்தற திட்டம் அடுத்த வருஷம் வருதாம். உனக்குத்தான் முதல் படிவம்" என்றார் நிதானம்.

உண்மையில் வண்டி அவருக்குப் பிடித்துப்போயிற்று. புகையில்லை, மாலையில் வீடு திரும்பினால் உள்ளங்கை நடுங்குவதில்லை, பின்னிருக்கையில் முனகும் நோயாளியின் சொல் முன்னிருக்கையில் கேட்டது. ஒரே தொல்லை, நிறுத்தத்தில் மின்னேற்ற வசதியில்லாமையால் வீட்டுச் சன்னல் வழியாக நீண்ட கம்பிவடத்தை இழுத்துச் சந்தில் நிற்கும் வண்டிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. போகிற வருகிறவர்கள் அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சொல் சொல்லிவிட்டே தாண்டினார்கள். மூன்று மாதம் இப்படிப் போனது. நிறுத்தத்தில் ஒன்பது பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள். மீதிப் பேருக்காக வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் வைத்து, அதில் நிதானத்தைப் பேசச் சொல்லியிருந்தார் அதிகாரி.

அதற்கு முந்திய வாரத்து வியாழக்கிழமைதான் அது நடந்தது.

அவருடைய மனைவி தையல் வேலை செய்பவள். மருத்துவமனை நோயாளிகள் அணியும் பச்சை அங்கிகளை வாரம் நாற்பது தைத்துக் கொடுப்பாள். வியாழன்தோறும் காலையில் அவற்றை மூட்டையாகக் கட்டி, நிதானத்தின் வண்டியிலேயே ஏற்றி அனுப்புவது வழக்கம். அன்றும் அவர் வண்டியைச் சந்தின் முனையிலிருந்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வர, இறங்கி உள்ளே போனார். கண்ணாடி இருந்த இடம் தெரியவில்லை; தேடினார். வாசலில் ஏதோ உருளும் ஓசையும், அதைத் தொடர்ந்து மனைவியின் கூச்சலும் கேட்டன. ஓடிவந்து பார்த்தால், வண்டி நாலடி முன்னே போய்த் தண்ணீர்ப் பீப்பாயில் முட்டிக்கொண்டு நின்றது. மனைவி தரையில் உட்கார்ந்து வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கிகள் சந்தெங்கும் சிதறிக் கிடந்தன. பின்சக்கரம் அவள் பாதத்தின்மேல் ஏறி இறங்கியிருந்தது.

பாதத்தில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. ஆறு வாரம் கட்டு. எதிர்வீட்டார் வண்டியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்து, பகலில் வீடு திரும்பியபிறகுதான் நிதானம் தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வண்டிச் சாவி பைக்குள் இருந்தது. அந்தச் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் நின்றார். சாவி பையில், வண்டி அணைந்திருக்கிறது, அணைந்த வண்டி நாலடி போயிருக்கிறது. இதில் எந்தப் பக்கம் இழுத்தாலும் மற்றொரு பக்கம் அவிழ்ந்தது.

அன்று முதல் அவர் வண்டியைத் தொடவில்லை. நிறுத்தத்திற்கு நடந்துபோனார், வேலையில்லாமல் நடந்தே திரும்பினார், சமையலையும் தாமே ஏற்றுக்கொண்டார். முதல் நாள் சோறு குழைந்தது. இரண்டாம் நாள் அடிபிடித்தது. மூன்றாம் நாள் இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன.

"எப்படிங்க இது? மேல கஞ்சியா இருக்கு, கீழ கரியா இருக்கு?" என்றாள் மனைவி, தட்டைச் சாய்த்துப் பார்த்து.

"நடுவுல நல்லாருக்கும். நடுவுல சாப்பிடு."

"நடுவுல போறதுக்கு வழி இல்லையே."

அவளுக்குச் சாப்பாட்டைவிடத் தையல்தான் பெருங்கவலை. இயந்திரம் காலால் மிதிப்பது. இடக்கால் ஒன்றால் மிதித்துப் பார்த்தாள், சக்கரம் முன்னே ஒரு சுற்றுப் போய்ப் பின்னே ஒரு சுற்று வந்தது, நூல் அறுந்தது. மடித்த அங்கித் துணிகள் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, பொத்தான் தைப்பது போன்ற கைவேலைகளை மட்டும் செய்துகொண்டிருந்தாள்.

அவளுடைய அண்ணன் நாள்தோறும் மாலையில் வந்து போனான். இரண்டு தெரு தள்ளி எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். கையில் எப்போதும் ஏதேனும் ஒரு திருகுகருவி இருந்தமையால் ஸ்பேனர் என்பது அவனுடைய பெயர்.

"இதுக்கு ஒரு சின்ன மோட்டார் மாட்டிடலாம்மா. கால வைச்சு அமுக்கினாப் போதும், தானா ஓடும்" என்றான், தையல் இயந்திரத்தைச் சுற்றிவந்து பார்த்து.

"எனக்கு இந்த வீட்டுல இருக்கற மோட்டார் ஒண்ணே போதும்ண்ணே. அதுவே ஒரு காலைத் தின்னாச்சு."

ஸ்பேனர் நிதானத்தின் பக்கம் திரும்பினான். "மாப்ள, நான் அன்னிக்கே சொன்னேன். எஞ்சின்னா அதுக்கு ஒரு நெஞ்சு இருக்கும். கோளாறு வந்தா இருமும், தும்மும், நமக்குச் சொல்லும். இது வாயைத் திறக்காத ஜாதி. உள்ள என்ன நினைக்குதுன்னே தெரியாது. பேசாம கம்பெனி மேல புகார் எழுதிக் குடுங்க."

"என்னன்னு எழுத மச்சான்?"

"தானா கிளம்பிடுச்சுன்னு எழுதுங்க."

"தானா எப்படிக் கிளம்பும்?"

"அதக் கண்டுபிடிக்கிறது அவங்க வேலை."

"உனக்கு உன் பட்டறைப் பொழப்புப் போயிடுமோன்னு பயம்ண்ணே. அதான் இந்தப் பாடு படுத்தற" என்றாள் தங்கை.

"பயம்தான். இல்லன்னு சொல்லல" என்றான் ஸ்பேனர். "ஆனா உன் காலை ஒடச்சது என் பயம் இல்லையே."

பொத்தானில் ஊசியை மும்முறை குத்தி எடுத்தாள், முகத்தை நிமிர்த்தவேயில்லை.

நிறுத்தத்திலோ ஆளுக்கொரு விளக்கம் நடமாடியது. தண்ணீர்ப் பீப்பாயருகே நின்றதால் உள்ளே ஈரம் இறங்கி, மின்சாரம் தானே பாய்ந்துவிட்டது என்றார் ஒருவர். மின்கலம் நிரம்பி வழிந்தால் மிச்சத்தைச் சக்கரத்தில்தான் கொட்டும் என்றார் மற்றொருவர். அவர் முகத்தில் துளியும் சிரிப்பில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. வேப்பமர நிழலில் வண்டிகளை நெருக்கி நிறுத்திவிட்டு, தேநீர்க் கோப்பைகளுடன் அனைவரும் நிதானத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான் சோடா. "உங்க படத்தைப் பாத்துத்தான் போட்டேன். என் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க வாசல்லயே விளையாடுது."

"கொஞ்சம் பொறுப்பா. என்னன்னு தெரியட்டும்."

"உங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்? நீங்கதானே வண்டிகிட்ட இருந்தது?"

"நான் உள்ள இருந்தேன்."

"அப்ப வண்டி மட்டும் தனியா இருந்துச்சா?"

"ஆமா... இல்ல. அவ இருந்தா."

"அண்ணி ஏதாவது தொட்டாங்களா?"

"மூட்டைய வைக்கத்தான் போனா. சாவி இல்லாத வண்டியத் தொட்டா என்ன, தொடாட்டி என்ன?"

சோடா தலையைச் சொறிந்தான். நிதானமும் சொறிந்துகொண்டார். ஒன்பது பேரில் மூன்று பேர், கையெழுத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று அன்றே விசாரித்ததாகச் செய்தி வந்தது. படத்தில் தாம் சிரித்துக்கொண்டிருப்பதைக் காணப் பொறாமல், அவர் மதிற்சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வண்டி பழுதானது என்றால், இத்தனை பேரையும் அதில் ஏற்றிவிடத் தம் முகத்தைக் கொடுத்திருக்கிறார். வண்டி பழுதற்றது என்றால், மனைவியின் கால் எப்படி முறிந்தது? வெள்ளிக்கிழமை எழுந்து நின்று எதைச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை அதிகாரிப் பெண் வீட்டுக்கே வந்து, தையற்காரியின் காலருகே தரையில் உட்கார்ந்து நலம் விசாரித்தார். ஒரு ரொட்டிப் பொட்டலமும் பழங்களும் கொண்டுவந்திருந்தார். பிறகு நிதானத்தைப் பார்த்து, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணே, கூட்டத்துல புகை இல்ல, சத்தம் இல்ல, செலவு குறைவு, இந்த மூணையும் சொல்லுங்க. அது போதும். இந்த விஷயம் வேண்டாம்."

"எல்லாருக்கும்தான் தெரியுமேம்மா?"

"தெரிஞ்சிருக்கறது வேற, மேடையில நீங்க சொல்றது வேற. விபத்துன்னு ஒரு வார்த்தை வந்தா மொத்தப் பேரும் எழுந்து போயிடுவாங்க. இருபது கையெழுத்து வரலன்னா சார்ஜ் போடற இடம் பக்கத்து நிறுத்தத்துக்குப் போயிடும். அப்புறம் உங்க வண்டியும் இந்தச் சன்னல் கம்பியிலதான் ஆயுசு முழுக்க."

"வண்டில கோளாறு இருந்தா?"

"நாளைக்குக் கம்பெனியிலருந்து ஆள் வர்றாரு. வண்டி ஞாபகத்துல எல்லாம் பதிவாகியிருக்கும், பாத்துச் சொல்லிடுவாரு." சற்றுப் பொறுத்து, "எனக்கும் ஒண்ணும் புரியலண்ணே. நான் எத்தனை ஊர்ல இத ஓட்டுங்கன்னு சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றார். அவர் குரலும் இறங்கியிருந்தது.

வண்டிக்கு ஞாபகம் உண்டு என்னும் செய்தி நிதானத்தை மேலும் கலக்கியது. தமக்கே அன்று காலை நடந்தது ஒன்றும் கோவையாக நினைவில்லை. கண்ணாடியைத் தேடியது நினைவிருக்கிறது. மனைவியைத் தூக்கியது நினைவிருக்கிறது. இடையில் தம் கைகள் என்ன செய்தன என்று கேட்டால், கைகள் வாய்மூடி மடியில் கிடந்தன.

புதன்கிழமை பிற்பகல் வானம் இருண்டு தூறல் போட்டது. வெயிலில் காய்ந்த சந்தின் மண் மணந்தது. கம்பெனி ஆள் வந்தார். வழுக்கைத்தலை, நிதானத்தைவிட ஓரிரண்டு வயது மூத்தவராகத் தோன்றினார். ஸ்பேனர் பட்டறையைப் பூட்டிவிட்டு முன்னதாகவே வந்து, எண்ணெய்க் கறையுள்ள கைகளைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான். தையற்காரியை நாற்காலியோடு வாசலுக்கருகே நகர்த்தி வைத்திருந்தார்கள். வந்தவர் வண்டியின் அடியில் ஒரு கம்பியைச் செருகி, மடியில் வைத்த சிறு கணினியைப் படித்தார்.

"எட்டு மணி ரெண்டு நிமிஷம், வண்டி இங்க வந்து நின்னுருக்கு. எட்டு பதினொண்ணுல வேகம் கூட்டற கைப்பிடி திரும்பியிருக்கு. வண்டி நாலு அடி போயி மோதியிருக்கு. எட்டு பதிமூணுல சாவிய அணைச்சிருக்காங்க."

"நடுவுல ஒம்பது நிமிஷம்?" என்று கேட்டான் ஸ்பேனர்.

"சாவி போட்டபடியேதாங்க இருந்திருக்கு. வண்டி ஓடறதுக்குத் தயாராத்தான் நின்னுருக்கு."

"இருக்காதுங்க" என்றார் நிதானம். "சாவி என் பையில இருந்துச்சு."

"பதிமூணாவது நிமிஷத்துல நீங்களே அணைச்சுப் பையில போட்டிருப்பீங்க. அந்தப் பதட்டத்துல கை தானாச் செஞ்சிருக்கும்."

"என் கை எனக்குத் தெரியாமச் செய்யுமா?"

"உங்க பொட்டிதான் தப்பா எழுதியிருக்கும்" என்று ஸ்பேனர் படியிறங்கி வந்தான். "கம்பெனிப் பொட்டி கம்பெனிக்குத்தானே சாட்சி சொல்லும்? இவரு இருபத்திரண்டு வருஷமா ஓட்டறாருங்க. இறங்கினா சாவியோடதான் இறங்குவாரு. ஊரே சொல்லும். மாப்ள, அன்னிக்குப் பண்ணின மாதிரியே ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க. இவரு கண்ணால பாக்கட்டும்."

"அதெல்லாம் எதுக்குங்க?" என்றாள் தையற்காரி, நாற்காலியில் நெளிந்து.

"எதுக்கா? நம்ம மேல பழி வருதும்மா!"

நிதானத்துக்கும் அது சரியென்றே பட்டது. கம்பெனி ஆள் தம் கம்பியைக் கழற்றினார். நிதானம் மூன்று சக்கரங்களையும் உதைத்துப் பார்த்துவிட்டு, ஆறு நாட்களுக்குப்பின் வண்டியில் ஏறினார். சந்தின் முனைவரை போய், திரும்பி, ஒரு பறவை தரையில் இறங்குவதுபோல ஓசையின்றி வாசலில் வந்து நின்றார். இறங்கினார். தலையில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டே உள்ளே சென்றார். தையல் இயந்திரத்தின்மேல் அன்று தேடியதுபோலவே கையால் துழாவி, மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இவ்வளவுதாங்க நடந்தது. நிறுத்தினேன், சாவிய எடுத்தேன், உள்ள போனேன். இந்தாங்க" என்று உள்ளங்கையை விரித்தார்.

உள்ளங்கை வெறுமையாக இருந்தது.

சட்டைப் பையைத் தொட்டார். கால்சட்டைப் பைகளைத் தட்டினார். மறுபடியும் சட்டைப் பைக்கே வந்தார். கம்பெனி ஆள் மெல்ல எழுந்து வண்டியருகே சென்றார். முகப்பில் சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தூறலில் அதன் ஒளி கலைந்து தெரிந்தது. அதன் கீழே சாவி தொங்கியது. அவர் அதைத் திருப்பி அணைத்து, எடுத்துவந்து, நிதானத்தின் விரித்த கையிலேயே வைத்தார்.

"எடுத்தேனே" என்றார் நிதானம். "நான்... எடுத்த மாதிரிதானே இருந்துச்சு."

"பழைய வண்டியில எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டார் கம்பெனி ஆள், வெகு மரியாதையாக.

"சாவியத் திருப்பினா சத்தம் நிக்கும். நின்னா இறங்குவேன்."

"இதுல சத்தம் முன்னாடியே நின்னுடுதுங்க. சக்கரம் நின்னதும் நின்னுடும். அதான்."

நிதானம் வண்டியைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காது சொன்னதைக் கேட்டுத்தான் கை நடந்திருக்கிறது. ஓசை அடங்கிற்று என்று காது சொன்னவுடன், நம் வேலை முடிந்தது என்று கை விலகியிருக்கிறது. அன்று ஒருநாள் மட்டுமா? இந்த மூன்று மாதமும் எத்தனை வாசல்களில் இப்படி இறங்கியிருப்பார்? நடக்க மாட்டாத கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுப் படியேற்றச் சென்றபோது? பள்ளிக்கூடத்தின் எதிரே? அவருக்குத் தெரியவில்லை.

"அப்பவும் தானா எப்படிக் கைப்பிடி திரும்பும்?" என்று ஸ்பேனர் விடாமல் கேட்டான். அவன் குரலில் முன்னிருந்த வேகமில்லை.

"தானாத் திரும்பல" என்றாள் தையற்காரி.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நூலு, கத்திரி எல்லாம் போட்டிருந்த தோள்பைய அந்தக் கைப்பிடியில மாட்டினேன். வாரா வாரம் மாட்டறதுதான். பழைய வண்டியில பத்து வருஷமா மாட்டியிருக்கேன். மூட்டையத் தூக்கிப் பின்னாடி தள்ளும்போது பையோட வாரு என் முழங்கையில சுத்திக்கிச்சு. இழுத்தேன். வண்டி வந்துடுச்சு."

"ஆறு நாளா ஏன் சொல்லல?" என்று கேட்டார் நிதானம். சினமில்லை, கேட்க வேண்டுமே என்று கேட்டதுபோல் இருந்தது.

"சொன்னா என்னாலதான்னு ஆயிடும்னு நினைச்சேன். வண்டியத் திருப்பிக் குடுக்கணும், படத்தைக் கழட்டணும், ஊரெல்லாம் அவரு பொண்டாட்டி பையை மாட்டிக் கெடுத்துட்டாம்பாங்க. நீங்க சாவி பையில இருந்துச்சுன்னு அடிச்சுச் சொன்னீங்க. சரி, அப்ப நான் மாட்டினதுனால இல்ல போலருக்கு, வண்டிதான் போலருக்குன்னு எனக்கே குழம்பிப்போச்சு." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நான் மாட்டினது நினைவிருக்கு. உங்க சாவியும் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ரெண்டும் எப்படி ஒண்ணாச் சேரும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

"நானும் அதத்தான் யோசிச்சேன்" என்றார் நிதானம்.

"பக்கத்துல படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் தனித்தனியா யோசிச்சிருக்கீங்க" என்றான் ஸ்பேனர். ஒருவரும் சிரிக்காததால் தானும் சிரிக்காமல், தாழ்ந்த குரலில் தொடர்ந்தான். "சரி, விடுங்க. நாலு பேருக்குள்ள நடந்தது நாலு பேரோட போகட்டும். மாப்ள, நீங்க சாவிய விட்டுட்டு இறங்கினீங்கன்னு வெளிய தெரிஞ்சா உங்க வண்டியில எவன் ஏறுவான்? வண்டிக் கோளாறுன்னே இருக்கட்டும். ஊரும் அப்படித்தானே பேசுது?"

"கோளாறு இல்லாத வண்டிக்கு நான் கோளாறுன்னு எழுத முடியாதுங்க" என்றார் கம்பெனி ஆள். "ஆனா இறங்கும்போது சாவி இருந்தா ஒரு மணி அடிக்கற மாதிரி வைக்கணும்னு எழுதறேன். வைப்பாங்களா, எனக்குத் தெரியாது."

"அதுவரைக்கும்?" என்று கேட்டார் நிதானம்.

"அதுவரைக்கும் அவங்கவங்க கைதான்."

தூறல் வலுத்தது. கணினியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கம்பெனி ஆள் புறப்பட்டபோது, சந்தின் முனையில் குடையோடு அதிகாரிப் பெண் வந்துகொண்டிருந்தார். இருவரும் அங்கேயே நின்று சிறிது நேரம் பேசினார்கள். அதிகாரி வாசலுக்கு வந்தபோது அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது.

"கேட்டேன்ண்ணே. வண்டியில ஒண்ணும் இல்லையாமே! எனக்கு உயிரே வந்துச்சு." பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "நீங்க பேச வேண்டியதை எழுதிக் கொண்டாந்திருக்கேன். அரைப் பக்கம்தான். புகை, சத்தம், செலவு. வண்டியில கோளாறு இல்லன்னு சோதிச்சுட்டாங்கன்னு கடைசியில ஒரு வரி சேத்துக்குங்க. அதுக்கு மேல எதுவும் வேண்டாம்."

நிதானம் தாளை வாங்கி, நிறுத்தி நிறுத்திப் படித்தார். எழுத்துப் பிழையில்லை, பொய்யும் இல்லை. புகையில்லை என்பது மெய். ஓசையில்லை என்பதும் மெய். அந்த இரண்டாவது வரியை மட்டும் அவர் மறுபடி படித்தார்.

"இதக் கேட்டா சோடா சந்தோஷமா வண்டி எடுத்துருவான்" என்றார்.

"ஆமாண்ணே. எடுக்கணும்னுதானே?"

"எடுத்துட்டு, அவன் வாசல்ல நிறுத்திட்டு இறங்குவான். அவனும் பதினஞ்சு வருஷமாச் சத்தம் கேட்டே இறங்கினவன்."

அதிகாரிப் பெண் குடையைத் தாழ்த்திப் பிடித்தார். குடையின் நுனியிலிருந்து வாசற்படியில் தண்ணீர் சொட்டியது. உள்ளேயிருந்து தையற்காரி, "முதல்ல உள்ள வாம்மா, நனையற" என்றாள். அவர் நகரவில்லை.

"அண்ணே, நீங்க சொன்னா உங்க பேருதான் கெடும். வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்ல முடியாது. பாதிப் பேர் பயந்துடுவாங்க. இருபது வருமான்னே தெரியல."

"எனக்கும் தெரியலம்மா. வருமோ, வராதோ."

"மாப்ள, யோசிச்சுச் செய்யுங்க" என்றான் ஸ்பேனர்.

நிதானம் மனைவியைப் பார்த்தார். அவள் கட்டுப்போட்ட காலை ஒருமுறை பார்த்துவிட்டு, "என் பையப் பத்தியும் சொல்லிடுங்க. அவங்க வீட்டுலயும் மாட்டுவாங்க" என்றாள்.

அவர் தாளை மடித்து அதிகாரியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை வரேம்மா. வண்டியிலதான் வரேன். என் பொண்டாட்டி காலை ஒடச்சது வண்டி இல்ல, சாவிய எடுக்காம இறங்கின நான்தான்னு சொல்றேன். அதைக் கேட்டப்புறம் கையெழுத்துப் போடறவங்க போடட்டும்."